ஏழாவது குழிக்கு மூன்று

காலர் இல்லாத சட்டைக்கு அனுமதியில்லை என்று
முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார் குரியாக்கோஸ்.
இஸ்திரி மடிப்பு கலையாமல்
போடிமெட்டின் பதினேழு வளைவையும் ஏறினேன்.
சூரியநெல்லி தாண்டி, சைப்ரஸ் வரிசை முடியுமிடத்தில்
தகரக் கூரை போட்ட கிளப்.

வாசலில் தடித்த பேரேடு.
பெயர். ஊர். அப்புறம் ஒரு கட்டம்:
யாருடைய விருந்தினர்?
இருபது வருசமாக ஏலக்காய் ஏலத்தில்
என் பெயரைச் சொன்னால் சரக்கு கைமாறும்.
இங்கே அவர் பெயரை எழுதிய பிறகுதான்
ஊழியர் சற்றே நகர்ந்து வழிவிட்டார்.

உள்சுவரில் ஒரு காட்டெருமைத் தலை
கண்ணாடிக் கண்ணால் என் காலைப் பார்த்தது.
ஷூ இரவல். ஒரு சைஸ் பெரிது.
விரல் பக்கம் பஞ்சு திணித்திருந்தேன்.

முதல் குழியருகே பலகையில் ஆங்கிலத்தில் ஒரு விதி:
யானைத் தடத்தில் விழுந்த பந்தை
அபராதமில்லாமல் எடுத்து வைத்துக்கொள்ளலாம்.
யானை யாருடைய விருந்தினர் என்று
பேரேட்டில் தேடினால் கிடைக்காது.

பை தூக்க வந்தவன் பெயர் வெள்ளத்துரை.
ஊர் சங்கரன்கோவில் பக்கமாம், பார்த்ததில்லையாம்.
குரியாக்கோஸ் என்னிடம் ஆங்கிலம்,
அவனிடம் மலையாளம்.
நானும் அவனும் தணிந்த குரலில்
தமிழைக் கைமாற்றிக்கொண்டோம்,
செக்போஸ்ட் தாண்டி வந்த சரக்கு மாதிரி.

முதல் வீச்சில் காற்றை வெட்டினேன்.
இரண்டாவதில் ஒரு கரண்டி மண்.
மூன்றாவது பறந்தது, உண்மையிலேயே பறந்தது,
நேராகத் தேயிலைக்குள்.
கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த ஒரு பெண்
தலை நிமிராமலே எடுத்து வீசினாள்.
"பந்துக்குப் பத்து ரூபா சார்" என்றான் வெள்ளத்துரை.
"இன்னைக்கு அவங்களுக்கு நல்ல வரும்படி."

அட்டையில் என் பெயருக்கு நேரே
ஒன்பது, பதினொன்று, பத்து என்று ஏறிக்கொண்டே போனது.
குரியாக்கோஸ் சிரிக்கவில்லை. மரியாதை.
சிரித்திருக்கலாம்.

ஏழாவது குழி ஓடைக்கு அக்கரை.
அவர் அடித்துவிட்டு முன்னால் நடந்தார்.
பாலம் கடந்ததும் பனி இறங்கியது.
பாலம் போனது, கொடி போனது,
கடைசியில் அவருடைய வெள்ளைத் தொப்பியும்.

ஏழாம் நம்பர் இரும்பை நீட்டினேன்.
"நீ ஒண்ணு அடி."
"எங்களுக்குத் திங்கக்கிழமை மட்டும்தான் சார்."
"பனிக்குக் கிழமை தெரியுமா?"

ஓடைச் சத்தத்தை யோசித்தான், அல்லது என்னை.
பையைப் புல்லில் சாய்த்தான்.
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தான்.
எனக்கு அத்தனை பாடாக இருந்தது
அவன் உடம்பில் ஒரு திரும்பல், அவ்வளவுதான்.
பாக்குவெட்டி கடித்தது போல் ஒரு சத்தம்.
பந்து போன இடம் வெள்ளை.

எங்கே என்று நான் கேட்கவில்லை.
பையைத் தோளில் போட்டுக்கொண்டு
அவன் நடக்கத் தொடங்கியிருந்தான்,
தேடுகிறவன் நடை இல்லை அது.

பனி கிழிந்தபோது குழிக்கு நாலடியில் கிடந்தது.
அக்கரையிலிருந்து குரியாக்கோஸின் கைதட்டல்:
"யாருக்கும் வராத அடி!"
நான் கையை உயர்த்தினேன்.
உயர்ந்தது என் கைதான், அதில் பொய்யில்லை.

அந்த நாலடியை நான் இரண்டு தட்டில் முடித்தேன்.
மூன்று.
பென்சிலை நாக்கில் தொட்டு அட்டையில் எழுதியவன்
வெள்ளத்துரையே.
அவன் எழுத்து என்னுடையதைவிட அழகு.

பாருக்குள் அவனுக்கு வழியில்லை.
எனக்குக் கழுத்துக்கு டை ஒன்றும் இரவல் கிடைத்தது.
அந்த அடியை மூன்று மேஜைக்கு
என் வாயாலேயே சொல்ல வைத்தார்கள்.
மூன்றாவது மேஜையில் காற்றின் திசை கூடச் சொன்னேன்.

கிளம்பும்போது அவன் கையில் ஐநூறு வைத்தேன்.
மடித்துச் சட்டைப்பையில் போட்டவன்,
"பின்னங்கால் குதியைத் தூக்காதீங்க சார்" என்றான்,
அடுத்த முறை என்று ஒன்று
எனக்கு இருப்பது போல.

போடிமெட்டு செக்போஸ்டில் டார்ச் அடித்துக் கேட்டார்கள்:
"டிக்கியில என்ன?"
ஒன்றுமில்லை என்றேன்.
நம்பாமல் திறந்து பார்த்தார்கள்.
ஒன்றும் இல்லைதான்.